நயினார் வீட்டு உருளைக்கிழங்கு

விமலா,

நீ ஓசூருக்குப் பஸ் ஏறிப் போனதிலிருந்து வீடு ரொம்ப ஒழுங்காக இருக்கிறது. சீப்பு கண்ணாடிக்கு முன்னால் இருக்கிறது. துண்டு கொடியில் இருக்கிறது. குளிக்கப் போனால் எனக்கென்று வெந்நீர் மிச்சம் இருக்கிறது. எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. தினம் போனில் பேசுகிறோமே, பிறகு எதற்கு இத்தனை பக்கக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று கேள்வி கேட்டுவிடுவாய். காகிதத்தில் அந்த வித்தை பலிக்காது. உன்னைப் பெற்றதிலிருந்து முதன்முறையாக, நீ குறுக்கே பேசாமல், நான் நினைத்ததை நினைத்தபடி சொல்லி முடிக்கப் போகிறேன்.

மகள் வெளியூருக்கு வேலைக்குப் போனால் அம்மாக்கள் புத்திமதி சொல்லி அனுப்புவது வழக்கம். நானும் சொன்னேன், பஸ் ஜன்னல் வழியாக. வெயிலில் அலையாதே, பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடு, ஹாஸ்டல் குழம்பில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு ஊற்றிக்கொள். நீ "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டிக்கொண்டே காதில் பாட்டை மாட்டிக்கொண்டாய். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால், நான் சொன்னதெல்லாம் வயிற்றைப் பற்றித்தான். சொல்ல வேண்டியது வேறு இருந்தது. போன கார்த்திகையிலிருந்து பங்குனி வரை நம் வாசலில் நடந்ததை நான் எப்படிப் பார்த்தேன் என்று உன்னிடம் சொல்லவே இல்லை. அப்போது நான் போட்ட சத்தம் மட்டும்தான் உனக்குத் தெரியும்.

எல்லாம் ஒரு வீட்டுப்பாடத்தில் ஆரம்பித்தது. மாடியில் குடியிருக்கும் செல்விக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். அவள் பெண்கள் யாழினியும் மதியும் பள்ளிக்கூடம் விட்டதும் பையோடு நம் வீட்டுக்குத்தான் வருவார்கள். நீ அவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பாய், நான் பொழுதோடு தோசை வார்த்துப் போடுவேன். அன்றைக்கு மதி ஏதாவது ஒரு காய்கறிச் செடியை வரைந்து போக வேண்டும். அவள் பெரிய மரமாக ஒன்றை வரைந்து, கிளைக்குக் கிளை உருளைக்கிழங்காகத் தொங்கவிட்டாள். யாழினி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அது மண்ணுக்குள்ள இருக்கும்டி, லூசு."

"நீ பாத்தியா?"

"இல்ல. மிஸ் சொன்னாங்க."

"அக்கா, நீங்க பாத்திருக்கீங்களா?"

நான் கையில் தோசைக் கரண்டியையும் காதில் உங்கள் பேச்சையும் வைத்துக்கொண்டு நின்றேன். எம்.எஸ்ஸி. படித்தவள், செல்போனில் ஒரு படத்தைக் காட்டிவிட்டு வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிடுவாய் என்று நினைத்தேன். நீ அந்த மரத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாய். "நானும் பாத்ததில்ல மதி. கடையில கெழங்கு பாத்திருக்கேன், செடி பாத்ததில்ல. நாம ஒண்ணு வச்சுப் பாப்போமா?" என்றாய். தோசை கருகிப் போனது.

இந்தக் கடிதத்தை உன் அறைத் தோழிக்கு நீ படித்துக் காட்டுவாய் என்று எனக்குத் தெரியும். அவளுக்காகச் சொல்கிறேன். நாங்கள் சமணர்கள். இந்தப் பக்கத்தில் நயினார் என்பார்கள். கோயிலும் நிலமும் ஏரித் தண்ணீருமாக இந்த மாவட்டத்து ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறவர்கள். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டோம். மண்ணுக்கடியில் விளையும் கிழங்கு எங்கள் வீட்டில் ஆகாது. கிழங்குக்குள்ளும் அதைச் சுற்றியும் எத்தனையோ உயிர் இருக்கிறது, தோண்டினால் அத்தனையும் போகும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். எல்லா நயினார் வீட்டிலும் இத்தனை கண்டிப்பு இருக்கிறதா என்றால் இல்லை. என் வீட்டில் இருக்கிறது. வெங்காயம்கூட என் சமையலறையை எட்டிப் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட வீட்டு வாசலில் உருளைக்கிழங்கு வைக்கலாம் என்று நீ சொன்னபோது நான் என்ன பேசியிருப்பேன் என்று உன் தோழியே ஊகித்துக்கொள்ளட்டும்.

"இன்னாடி பேச்சு இது? நயினார் ஊட்டு வாசல்ல உருளைக்கெழங்கா? பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?"

"மல்லாட்டை மட்டும் எங்கம்மா காய்க்குது? மரத்துலயா?"

மல்லாட்டை என்று நீ வேர்க்கடலையை இழுத்ததும் உங்க அப்பா பேப்பரைக் கீழே இறக்கினார். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் வேர்க்கடலைக் காட்டில் பிறந்து வளர்ந்தவர். ஆபீசில் கோப்பு தள்ளிய இத்தனை வருஷமும் அவர் மனசு அந்தக் கொல்லையில்தான் இருந்தது. "மல்லாட்டை வேறம்மா. கொடி பழுத்து, உசுரு அடங்கின பொறவுதான் எடுக்கறது. பச்சையில யாராச்சும் புடுங்குவாங்களா?" என்றார். நீ அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாய். "அப்ப இதையும் தானா காஞ்ச பொறவு எடுக்கறோம்ப்பா. கடப்பாறை, மண்வெட்டி ஒண்ணும் வேணாம். மூட்டையில வச்சு, கையால எடுத்துக்கறோம்." அவர் என்னைப் பார்த்தார், மறுபடி பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அவர் பேச்சை வைத்தே அவர் வாயை அடைத்துவிட்டாய். கடைசியில் நான் நிபந்தனை போட்டேன். விளைகிற கிழங்கு முழுக்கப் பிள்ளைகளுடையது, என் அடுப்புப் பக்கம் வரக் கூடாது. பூச்சி மருந்து வாசலுக்குள் நுழையக் கூடாது. எடுக்கும்போது ஒரு மண்புழுவுக்குக்கூட அடிபடக் கூடாது. இதையெல்லாம் கேட்டால் விட்டுவிடுவாய் என்று நினைத்துத்தான் அடுக்கினேன். நீ எல்லாவற்றுக்கும் சரி என்றாய். சொன்னபடி செய்தும் காட்டினாய். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அப்போது சொல்லவில்லை.

மளிகைக் கடையில் நீ உருளைக்கிழங்கு கேட்டபோது கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னாம்மா, ஊட்டுக்கு விருந்தாளிங்களா?" என்றார். விதைக்கு என்று நீ சொன்னாய். முளை வந்ததும் கண்ணுக்கு ஒன்றாக வெட்டி நடு, ஒரு கிழங்கு நாலாகும் என்று அவர் யோசனை சொன்னார். "மொளை உட்டதை எப்படிண்ணா வெட்டறது? முழுசாவே நட்டுக்கறேன்" என்று நீ சொன்னதும், நாலைந்து கிழங்கைக் கூடவே எடுத்துப் பையில் போட்டார். வீட்டுக்குள் வைக்க நான் விடவில்லை. செருப்பு ஸ்டாண்டின் மேல் அட்டைப் பெட்டியில்தான் அவை முளைவிட்டன. உள்ளே போகும்போதும் வரும்போதும் நான் அந்தப் பக்கம் திரும்பாமல் நடந்தேன். மதி என் கையைப் பிடித்து இழுத்து, "ஆயா, கண்ணு தொறந்துடுச்சு பாருங்க" என்ற நாளில்தான் பார்த்தேன். ஊதா நிறத்தில் குட்டிக் குட்டியாக முளை. உண்மையைச் சொன்னால் அழகாக இருந்தது.

கார்த்திகை தீபத்துக்கு மலை சுற்ற வந்த வண்டிகளெல்லாம் நம் தெருவைக் காலி செய்த வாரம் நட்டீர்கள். அரிசி மூட்டைச் சாக்கைப் பாதிக்குச் சுருட்டி, கேட்டுக்கு உள்பக்கம் வெயில் படும்படி வரிசையாக வைத்தாய். செம்மண்ணும் மக்கிய எருவும் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. உங்க அப்பா ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவருக்கும் சொல்லாமல் ஊருக்குப் போய், டிவிஎஸ் வண்டியின் முன்னால் மூட்டையை வைத்துக்கொண்டு சட்டையெல்லாம் மண்ணாக வந்து நின்றதைப் பார்த்த பிறகு கேட்க என்ன இருக்கிறது. செடி வளர வளர சாக்கை ஒரு மடிப்பு பிரித்து மேலே மண் அணைத்தீர்கள். "ஆயா, போர்வ போத்தி உடறோம்" என்று மதி என்னிடம் விளக்கினாள். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் காப்பி டம்ளரோடு நின்றபடி, தண்ணீர் ஜாஸ்தி ஊற்றுகிறீர்கள், அழுகப் போகிறது என்று திட்டிக்கொண்டிருந்தேன். எனக்கும் அந்தச் செடிக்கும் சம்பந்தமில்லை என்பதை நிரூபிக்க அவ்வளவு நேரம் அங்கே நின்றிருக்க வேண்டியதில்லை.

தை பிறந்ததும் இலையெல்லாம் ஓட்டையாயிற்று. பச்சைப் புழு. யாழினி அவள் அம்மாவிடம் கேட்டு ஏதோ ஸ்பிரே பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நீ அந்தப் பாட்டிலை வாங்கிப் படிக்கட்டில் வைத்தாய். என் நிபந்தனை என்று என்மேல் பழியைப் போடவில்லை. "அதுக்கும் பசிக்குது யாழினி. ஆனா நம்ம செடியும் பொழைக்கணும். இன்னா பண்ணலாம், நீயே சொல்லு" என்றாய். அந்தப் பெண் யோசித்தாள். டிபன் பாக்ஸில் புழுக்களைப் பிடித்துப் போட்டு, கூடவே நாலு இலையும் போட்டு, எதிர்க் காலிமனையில் காட்டாமணக்குச் செடியின் கீழே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். தினமும் சாயந்திரம் இதே வேலை. மறுநாள் அதே டிபன் பாக்ஸில் எலுமிச்சம்பழ சாதம் கொண்டுபோனாளாம், செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். நான் சமையலறைக்குள் போய்ச் சிரித்தேன். என் பிள்ளைக்கு நான் சொல்லிக் கொடுத்தது, மாடி வீட்டுப் பிள்ளையின் கைக்கு எவ்வளவு இயல்பாகப் போயிருக்கிறது என்று நினைத்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதையும் அப்போது சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் போளூர் பெரியப்பா ஆரணி இடத்தைக் கொண்டுவந்தார். நம்மவர்கள், நல்ல குடும்பம், பையனுக்குப் பெங்களூரில் வேலை. நீங்கள் இருவரும் போனில் பேசிக்கொள்ள இரண்டு வீட்டிலும் சம்மதித்தோம். பேசிவிட்டு நீ மொட்டை மாடியிலிருந்து இறங்கி வரும்போது உன் முகத்தைப் பார்த்தேன். கேட்டால் "பரவால்லம்மா, நல்லாப் பேசறார்" என்பாய். உன் பரவாயில்லைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? பையனுடைய அம்மாவைப் பற்றித்தான் பெரியப்பா கொஞ்சம் எச்சரித்தார். விரதம் ஒன்று தவறாதவர், அந்த வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது என்றார். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக முடிவானது. கேட்டைத் திறந்ததும் முதலில் கண்ணில் படப் போவது உன் உருளைக்கிழங்கு மூட்டைகள்.

சனிக்கிழமை உன்னிடம் கெஞ்சினேன். மூட்டைகளை ஒரு நாளைக்கு மாடிக்கு ஏற்றிவிடலாம் என்றேன். ஏற்றினால் தண்டு ஒடிந்துவிடும் என்றாய். சரி, கேட்டால் தக்காளி என்று சொல்லிவிடலாம், இலையைப் பார்த்தால் யாருக்குத் தெரியும் என்றேன். "கேக்கலன்னா நானா சொல்ல மாட்டேன்மா. கேட்டா உள்ளதைச் சொல்வேன்" என்றாய். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு பாத்திரத்தைத் தேவையில்லாமல் கழுவினேன். உனக்கு அந்தப் பையனைப் பிடித்திருக்கிறது என்று தெரிந்ததால்தான் அந்தக் கோபம். நீயே ஆசைப்பட்டதை நீயே ஒரு சாக்கு மூட்டைக்காகப் போட்டு உடைக்கப் போகிறாய் என்று பயந்தேன்.

அவர்கள் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. மதி மாடியிலிருந்து சின்னக் குவளையில் தண்ணீரோடு இறங்கி வந்து, பட்டுப்புடவையில் படியேறிக்கொண்டிருந்த அந்த அம்மாவை நிறுத்தி, "ஆயா, மிதிச்சுடாதீங்க, இது எங்க உருளைக்கெழங்கு" என்றாள். நான் அவசரமாகப் பன்னீரைத் தெளித்தேன். அந்த அம்மா மூட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு உன்னைப் பார்த்தார். ஹாலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகுதான் பேசினார்.

"நீ கெழங்கு சாப்புடுவியாம்மா?"

"இல்லீங்கம்மா. ஒரு நாளும் சாப்பிட்டதில்ல."

"பின்ன எதுக்கு வச்சிருக்கே?"

"புள்ளைங்க கேட்டாங்க, அது எப்படி வெளையும்னு. எனக்குத் தெரியலீங்க. தெரிஞ்ச மாதிரி சொல்லறதுக்குப் பதிலா, சேர்ந்து வச்சுப் பாக்கலாம்னு வச்சேன்."

நீ தலையைக் குனியவில்லை, நிமிர்த்திக்கொண்டு சவாலும் விடவில்லை. மணி என்ன என்று கேட்டால் எப்படிச் சொல்வாயோ அப்படிச் சொன்னாய். பையன் மட்டும் புறப்படும்போது மதிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, இலையைத் தொடாமல் பார்த்துவிட்டுப் போனான். அவன் அம்மா போய் வருகிறோம் என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

மறுநாள் பெரியப்பா போன் செய்தார். "பொண்ணப் புடிச்சிருக்காம். அந்தச் செடியப் புடுங்கிப் போட்டுட்டா மேக்கொண்டு பேசலாம்னு அந்தம்மா சொல்றாங்க. நல்ல எடம். ஒரு செடிக்காக உட்டுடாதீங்க." எனக்கு உயிர் வந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது. ஓடி வந்து உன்னிடம் சொன்னேன். நீ மதியின் கணக்கு நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தாய். பேனாவை மூடி வைத்தாய்.

"பச்சையா இருக்கிறதப் புடுங்கச் சொல்றாங்களாம்மா?"

"ஒரு செடிதானேடி."

"சாப்புடக் கூடாதுன்னா சாப்புடல. வெட்டக் கூடாதுன்னு முழுசா நட்டேன். உசுரோட இருக்கறதப் புடுங்கக் கூடாதுன்னுதானே கெழங்கே வேணான்றோம்? இப்ப அதையே புடுங்கச் சொன்னா எப்படிம்மா? தானா காயட்டும். அது வரைக்கும் அவங்களால பொறுக்க முடிஞ்சா பொறுக்கட்டும். இல்லன்னா..." அதற்கு மேல் சொல்லாமல் நோட்டைத் திறந்துகொண்டாய். கொஞ்ச நேரம் கழித்துக் குளியலறைக் குழாய் வெகு நேரம் ஓடியது. குழாயைத் திறந்துவிட்டு அழுதால் வெளியே கேட்காது என்று நினைத்தாய் போலிருக்கிறது. கேட்டது.

பெரியப்பா இந்தப் பதிலை எடுத்துப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டார். "பொண்ணு பேசற பேச்சா இது? வேணும்னா நீயே சொல்லிக்கோ" என்று நம்பரைக் கொடுத்தார். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு பூஜை அறைக்கும் கூடத்துக்கும் நடந்தேன். அறியாத பெண், பெரிய மனசு பண்ணுங்கள், நான் சொல்லிப் புரியவைக்கிறேன் என்றெல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். அந்த அம்மா "சொல்லும்மா" என்றதும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நீ சொன்னது மட்டும்தான் வந்தது. வரி மாறாமல் அப்படியே சொன்னேன். சொல்லச் சொல்லத்தான் எனக்கே தெரிந்தது, இதில் மன்னிப்புக் கேட்க ஒன்றுமே இல்லை என்று. நாங்கள் காலமெல்லாம் விதி விதி என்று பிடித்துக்கொண்டிருந்ததை நீ அதன் வேர் வரைக்கும் போய்ப் புரிந்துகொண்டிருக்கிறாய். அந்த அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "காயறதுக்கு எத்தினி நாளாவும்?" என்றார். "தெரியலீங்க, எங்களுக்கும் இதான் மொத தடவ" என்றேன். "ம்" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஆரணியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பையனும் பேசுவதை நிறுத்திக்கொண்டான். அம்மா பேச வேண்டாம் என்றிருப்பார் என்று நீயே சொல்லிச் சமாதானப்பட்டாய்.

அந்த நாட்களில் நீ எப்படி இருந்தாய் என்பதை உனக்கு யாராவது சொல்ல வேண்டும். செடியைப் பார்க்கும்போது உனக்கு வேறு என்னவெல்லாமோ ஞாபகம் வந்திருக்கும். பிள்ளைகளிடம் ஒரு நாளும் அதைக் காட்டவில்லை. எப்போது எடுக்கலாம் என்று மதி தினமும் நச்சரிப்பாள், தினமும் புதிதாகக் கேட்பது போலப் பதில் சொல்வாய். ஒரு குச்சியால் கிளறிப் பார்க்கக் கிளம்பினவளைத் தடுத்து, ஒற்றை விரலை மட்டும் மண்ணுக்குள் விட்டுப் பார்க்கச் சொன்னாய். "உருண்டையா இருக்குக்கா!" என்று அவள் போட்ட கூச்சலில் தெரு நாய் குரைத்தது. மாசி கடைசியில் இலை மஞ்சளானது. பங்குனியில் தண்டெல்லாம் படுத்துச் சருகாயிற்று. அதற்கும் சில நாள் கழித்து, உங்க அப்பா தண்டைத் தொட்டுப் பார்த்து, "அடங்கிடுச்சும்மா, எடுக்கலாம்" என்று சொன்ன பிறகுதான் தார்ப்பாயை விரித்து மூட்டையைச் சாய்த்தீர்கள்.

கையால்தான் எடுத்தீர்கள். மண்ணைப் பொடிப் பொடியாக உதிர்த்து, மண்புழுவை ஒவ்வொன்றாக முருங்கை மரத்தடியில் விட்டாள் யாழினி. நம் ஊர் வெயிலுக்கு அந்தக் கிழங்கு விளைந்ததே பெரிசு. பாதி எலுமிச்சம்பழம் அளவு, மீதி கோலிக் குண்டு அளவு. ஆனால் அந்த இரண்டு பெண்களும் புதையல் எடுத்தது போலக் கத்தினார்கள். ஒவ்வொரு கிழங்குக்கும் மதி முத்தம் கொடுத்தாள். நான் எப்போது ஜன்னலை விட்டு வெளியே வந்து தார்ப்பாய் ஓரத்தில் உட்கார்ந்தேன் என்று எனக்கே தெரியாது.

அதற்குப் பிறகு நடந்த கூத்து நம் வீட்டில் மட்டும்தான் நடக்கும். உங்க அப்பாவுக்கு விளைச்சல் என்றால் மல்லாட்டை. மல்லாட்டையைப் பறித்தால் கழுவி வெயிலில் காயப்போட வேண்டும், ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரும்வரை. அப்படியே செய்தார். மொட்டை மாடியில் வேட்டியை விரித்துப் பரப்பி, காக்கை வராமல் காவல் இருந்து, வேளைக்கு வேளை புரட்டிக் கொடுத்தார். நானும் போய்ப் பக்குவம் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு வெயில் காயட்டும் என்றேன். நீயும் சரி என்றாய். மூன்று பேருக்கும் அந்தக் கிழங்கை எப்படி வைக்க வேண்டும் என்று தெரியாது, தெரியாது என்பதும் தெரியாது. பகல் ஷிப்ட் முடிந்து வந்த செல்வி மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். "அய்யோ, என்னங்கம்மா இது, எல்லாம் பச்சையாயிடுச்சே! பச்சையானா சாப்புடக் கூடாதுங்க, ஒடம்புக்கு ஆகாது" என்றாள். மதி அழ ஆரம்பித்தாள். யாழினி அழாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. உங்க அப்பா வேட்டியின் முனையைப் பிடித்துக்கொண்டு, தப்புச் செய்த பள்ளிக்கூடப் பையனாட்டம் நின்றார்.

நீ பிள்ளைகள் இருவருக்கும் முன்னால் தரையில் உட்கார்ந்தாய். "தப்பு எங்களோடது. எங்க வீட்டுல யாருக்கும் தெரியல, யார்கிட்டயும் கேக்கவும் தோணல. உங்கம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா இது ஆயிருக்காது" என்றாய். வெயில்மேலும் பழி போடவில்லை, அப்பாவையும் காட்டிக் கொடுக்கவில்லை. மதி விசும்பிக்கொண்டே கீழே அவர்கள் வீட்டுக்கு ஓடிப்போய் அவள் பென்சில் டப்பாவைக் கொண்டுவந்தாள். உள்ளே குட்டிக் குட்டியாக ஒரு கைப்பிடிக் கிழங்கு. முதல் நாளே ஆசையில் ஒளித்து வைத்திருக்கிறாள், திருடி! பச்சை படாமல் வெளுப்பாக இருந்தது. செல்வி அதை வறுத்துக் கொடுத்தாள். மாடிப்படியில் உட்கார்ந்து அக்காவும் தங்கையும் ஆளுக்கொன்றாக எண்ணி எண்ணிச் சாப்பிட்டார்கள். நீ பக்கத்தில் உட்கார்ந்து, தட்டைத் தொடாமல், "எப்படி இருக்கு?" என்று கேட்டாய். "உப்பு ஜாஸ்திக்கா" என்றாள் யாழினி. உன் முகத்தில் அப்போது இருந்த சந்தோஷத்தை, ஆரணிக்காரர்கள் பார்க்காமல் போனார்களே என்று எனக்கு ஆதங்கமாக இருந்தது.

பிறகு உனக்கு லேப் வேலைக்கு உத்தரவு வந்தது. சென்னையிலும் ஒரு இடம் இருந்தது, நீ ஓசூரைத் தேர்ந்தெடுத்தாய். ஓசூரிலிருந்து பெங்களூர் எவ்வளவு பக்கம் என்று எனக்கும் தெரியும் விமலா. கேட்காமல் விட்டேன், அவ்வளவுதான். உனக்குப் புத்திமதி என்று சொல்ல எனக்கு அதிகம் இல்லை. அங்கே உன் லேபில் ஏதாவது முடிவு சரியாக வரவில்லை என்றால், சரியாக வந்ததாகவே எழுதிவிடு என்று மேலே இருக்கிறவர் சொல்லக்கூடும். நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும், அதனால் நான் நிம்மதியாகத் தூங்குகிறேன். அழ வேண்டும் என்றால் குழாயைத் திறக்காமல் எனக்குப் போன் பண்ணி அழு. தண்ணீரும் மிச்சம்.

இன்று காலையில் ஆரணியிலிருந்து போன் வந்தது. இதை முதல் வரியிலேயே எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் மீதியை நீ படித்திருக்க மாட்டாய். சௌக்கியமா என்றுகூட அந்த அம்மா கேட்கவில்லை.

"செடி காஞ்சுதாம்மா?"

"காஞ்சுதுங்க."

"தானாவா?"

"தானாத்தாங்க. யாரும் புடுங்கல."

"கெழங்கு?"

எடுத்தாச்சுங்க என்று சொல்லி முடித்திருக்கலாம். நான் எல்லாவற்றையும் சொன்னேன், வேட்டியில் பரப்பியது, புரட்டிக் கொடுத்தது, பச்சையானது, பிள்ளைகள் அழுதது வரை. "மல்லாட்டையா அது, வெயில்ல போட? இருட்டுல இல்ல வெக்கணும்!" என்று அந்த அம்மா படாரென்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அந்தப் பக்கம் கப்சிப். இந்தப் பக்கம் நானும் கப்சிப். அவருக்கு அது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. நீயும் என்றைக்கும் கேட்காதே. கொஞ்ச நேரம் கழித்து அவரே தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்க ஊட்ல எனக்கு எதிரா யாரும் ஒரு வார்த்த பேச மாட்டாங்க. உம் பொண்ணு பேசுவா போல."

"ஆமாங்க, பேசுவா."

"இனிமேலும் பேசுவாளா?"

"நாங்க சொல்லிப் பாத்துட்டோங்க. நிறுத்த முடியல."

அந்த அம்மா சிரித்துவிட்டார். "என் புள்ள அன்னிக்கே சரின்னுட்டான். நான்தான் நிறுத்தி வச்சேன். அவளுக்குச் சம்மதமான்னு கேட்டுச் சொல்லு, நாள் பாக்கலாம்" என்றார். சம்மதம்தாங்க என்று என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. உன் பரவாயில்லையும் தெரியும், ஓசூரும் தெரியும், பிறகு என்ன? ஆனாலும் விழுங்கிக்கொண்டேன். "அவளக் கேட்டுச் சொல்றேங்க" என்றேன். உங்க அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு இனிப்பு வாங்கக் கிளம்பிவிட்டார். பிடித்து உட்கார வைத்திருக்கிறேன். கடிதத்தைக் கூரியரில் போட்டு அது உன் கைக்கு வரும்வரை ஆரணிக்காரர்கள் பொறுத்திருக்கட்டும், அவர்களுக்கும் கொஞ்சம் பழகட்டும். பையன் முந்திக்கொண்டு உன்னிடம் சொல்லியிருந்தாலும் உன் பதிலை நீதான் எனக்குச் சொல்ல வேண்டும். சரி என்றாலும், வேண்டாம் என்றாலும், இன்னும் யோசிக்க வேண்டும் என்றாலும், ஒரு சொல்லைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே அந்த அம்மாவிடம் சொல்வேன். எனக்கு இப்போது பயமில்லை.

பதில் கடிதம் எழுதாதே, போன் பண்ணு. இந்த ஒரு தடவை நான் குறுக்கே பேச மாட்டேன்.

உன் அம்மா